யார் போட்ட கோடு

கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி போகிற பஸ்ஸில் வலங்கைமானைத் தாண்டும்போது, சித்திரை பிறந்துவிட்டால் சாலையோரம் இரண்டு வகை ஃப்ளெக்ஸ் கண்ணில் படும். ஒன்று பங்குனியில் பாடைக்கட்டி மாரியம்மன் திருவிழாவுக்கு வைத்து இன்னும் அவிழ்க்காமல் விட்டது. இன்னொன்று கபடிக்கு வைத்தது. 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி' என்று தலைப்பு. முதல் பரிசு, இரண்டாம் பரிசு, சுழற்கோப்பை, கோப்பை கொடுக்கிறவர்களின் கூப்பிய கைகள். கீழே பொடி எழுத்தில் நிபந்தனைகள். 'நடுவரின் தீர்ப்பே இறுதியானது' என்பது எல்லா ஃப்ளெக்ஸிலும் இருக்கும். அதற்கும் கீழே, இருந்தால், மாவட்ட அமெச்சூர் கபடிக் கழகத்தின் அனுமதியுடன் நடக்கிறது என்று ஒரு வரி.

'இருந்தால்' என்று சொன்னேனே, இந்தக் கட்டுரை அந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான்.

என் பெரியப்பா மகன் ஒருவர் எங்கள் ஊர் செட்டுக்கு ஆடினவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். பாடிப் போனால் வெறும் கையோடு திரும்பமாட்டார் என்று பேர். அறுவடை முடிந்த வயலில் மணலைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு ஆடின காலம். எங்கெங்கோ போய் ஆடி வாங்கிவந்த சான்றிதழ்களை பெரியம்மா ஒரு பழைய ஜவுளிக்கடைப் பையில் போட்டு அரிசிப் பானைக்கு மேலே தொங்கவிட்டிருந்தார். ஒரு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பித்தபோது அந்தப் பையோடு போனார். அவர் பெரிதாக நம்பியிருந்த சான்றிதழைப் பார்த்துவிட்டு மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் சொன்னது, "இந்தச் சங்கம் எங்க லிஸ்ட்டுலயே இல்லையே தம்பி." எந்த அலுவலகம், எந்தச் சங்கம் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். அன்றைக்கு ஒரே விளையாட்டுக்கு இரண்டு சங்கம் இருந்தது, அண்ணன் ஆடினது பட்டியலில் இல்லாத சங்கத்தின் போட்டியில். அவ்வளவுதான் விஷயம்.

அண்ணன் இப்போது அறுவடை மெஷின் ஓட்டுகிறார். இதைச் சொல்லும்போது அவருக்குக் கோபம்கூட வருவதில்லை. "ஆடுனது நான். புடிச்சது எதிர் செட்டு. பாத்தது ஊரு. நடக்கவே இல்லேன்னு சொல்றவரு மட்டும் ஆபீஸ்ல உக்காந்திருக்காரு" என்பார்.

நடந்த ஆட்டத்தை நடக்கவில்லை என்று சொல்லும் அதிகாரம் ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது?

சட்டப்படி பதில் எளிது. மத்திய விளையாட்டு அமைச்சகம் ஒரு விளையாட்டுக்கு ஒரு தேசியக் கூட்டமைப்பைத்தான் அங்கீகரிக்கும். கபடிக்கு அது 1972இல் உருவான இந்திய அமெச்சூர் கபடிக் கூட்டமைப்பு. அதன் கீழே மாநிலக் கழகம், மாநிலக் கழகத்தின் கீழே மாவட்டக் கழகம். இந்த ஏணியில் கிடைக்கும் சான்றிதழுக்குத்தான் ரயில்வேயிலும் போலீஸிலும் கல்லூரி ஒதுக்கீட்டிலும் மதிப்பு. ஏணிக்கு வெளியே நீங்கள் யாரை வேண்டுமானாலும் தொட்டுவிட்டு வரலாம், அது பொழுதுபோக்கு.

இதை முட்டாள்தனம் என்று தள்ள முடியவில்லை. ஆளாளுக்குச் சங்கம் வைத்து ஆளாளுக்குச் சான்றிதழ் அடித்தால் என்ன ஆகும் என்று நம் ஊரில் விளக்க வேண்டியதில்லை. ஆசிய விளையாட்டுக்கு ஒரு நாடு ஒரு அணியைத்தான் அனுப்ப முடியும். யாராவது ஒருவர் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஆகவே ஒரே அமைப்பு. எனக்குச் சிக்கல் அதற்கு அடுத்த படியில்தான். ஒரே அமைப்பு என்று ஆனதும், அந்த அமைப்பு தன்னையே விளையாட்டு என்று நினைத்துக்கொள்கிறது. அதை விட்டு வெளியே போய் ஆடுகிறவன் கபடிக்கே துரோகம் செய்தவன் ஆகிவிடுகிறான்.

கபடியில் இது நடந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜனார்தன் சிங் கெலாட் என்ற ராஜஸ்தான் அரசியல்வாதி 1984 முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கூட்டமைப்பின் தலைவராக இருந்தார். 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி நுழைந்தது அவர் காலத்தில்தான். அதை மறுக்கக் கூடாது. பிறகு அவர் ஆயுட்காலத் தலைவர் ஆனார், அவருடைய மனைவி தலைவர் ஆனார். நம் பக்கத்துக் கூட்டுறவு சங்கங்களைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றுமிருக்காது. முன்னாள் வீரர் மஹிபால் சிங் வழக்குப் போட்டார். 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தலைமை செல்லாது என்று சொல்லி, கூட்டமைப்பை நிர்வாகி ஒருவரின் பொறுப்பில் விட்டது. அதே மாதம் ஜகார்த்தாவில், ஆசிய விளையாட்டுக் கபடியில் 1990 முதல் ஒருமுறைகூடத் தங்கத்தை விடாத இந்திய ஆண்கள் அணி அரையிறுதியில் ஈரானிடம் தோற்றது.

அதற்கப்புறம் நடந்த ஒரு காட்சியை என்னால் மறக்க முடியவில்லை. அணித் தேர்வு நேர்மையாக நடக்கவில்லை என்ற புகாரும் நீதிமன்றத்தில் இருந்தது. நீதிபதிகள் ஒரு விசித்திரமான உத்தரவு போட்டார்கள். ஆசிய விளையாட்டுக்குப் போய்வந்த அணியும், விட்டுப்போனதாகச் சொல்பவர்களின் அணியும் நேருக்கு நேர் ஆடட்டும், பார்த்துவிடலாம் என்று. 2018 செப்டம்பர் 15, டெல்லி இந்திரா காந்தி அரங்கம். விட்டுப்போனவர்கள் வந்தார்கள். இந்திய அணி வரவில்லை. ஆடுவதற்கென்று வந்து, எதிரே காலியாகக் கிடந்த பாதிக் களத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எதிர்ப்பக்கம் ஆளில்லாமல் பாடிப் போக முடியுமா? கபடி ஆட ஏழு பேர் மட்டும் போதாது, எதிரே இன்னொரு ஏழு பேர் வர வேண்டும்.

விட்டுப்போனவர்களின் பக்கம் 2019 மே மாதம் தனியாக ஒரு லீக் நடத்தியது. நியூ கபடி ஃபெடரேஷன் என்ற புதிய அமைப்பு, இண்டோ இன்டர்நேஷனல் பிரீமியர் கபடி லீக் என்று நீண்ட பெயர், எட்டு அணிகள். சென்னை சேலஞ்சர்ஸ், பாண்டிச்சேரி பிரிடேட்டர்ஸ் எல்லாம் அதில் இருந்தன. வருமானத்தில் வீரர்களுக்குப் பங்கு தருவோம் என்று அறிவித்தார்கள். ஒரு சீசனுக்குப் பிறகு பேச்சு அடங்கிவிட்டது.

இன்னொரு பக்கம் புரோ கபடி கொடிகட்டிப் பறந்தது. ஆனந்த் மஹிந்திராவும் சாரு சர்மாவும் 2014இல் எட்டு அணிகளோடு தொடங்கியது. 2017இல் நான்கு அணிகள் கூடின. அவற்றில் ஒன்று தமிழ் தலைவாஸ். 2014 ஏலத்தில் அதிக விலை ராகேஷ் குமாருக்கு, 12.80 லட்சம். 2022இல் பவன் செஹ்ராவத்தை 2.26 கோடிக்குத் தமிழ் தலைவாஸ் எடுத்தது (முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய் அந்த சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தார், நம் ராசி). மறு வருடம் அவருடைய விலை 2.60 கோடியைத் தாண்டியது. தஞ்சாவூர் மாவட்டத்துக்காரரான தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதைத் தாண்டி 2016இல் பாட்னா பைரேட்ஸ் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கியபோது எங்கள் ஊர் டீக்கடையில் டிவிக்கு முன்னால் நின்றவர்களில் நானும் ஒருவன். ஆகவே, பணம் வந்ததால் கபடி கெட்டது என்று எழுதும் கூட்டத்தில் நான் இல்லை. அந்தப் பணத்தில் வீடு கட்டினவர்களைத் தெரியும்.

ஆனால் அங்கீகரித்த அமைப்பின் அனுமதி பெற்ற லீக் அது ஒன்றுதான். அங்கே ஏலத்தில் போகாதவனுக்கு வேறு கதவு இல்லை. வேறு கதவைத் திறக்கப் பார்த்தவர்களின் கதி அதற்கு முன்பே கிரிக்கெட்டில் தெரிந்ததுதான். 2007இல் ஜீ நிறுவனம் நடத்திய இந்தியன் கிரிக்கெட் லீக் பலருக்கு இப்போது நினைவிருக்காது. அதன் முதல் கோப்பையை வென்றது சென்னை சூப்பர்ஸ்டார்ஸ். ஹேமங் பதானி அதில் ஆடினார். போனவர்களை எல்லாம் கிரிக்கெட் வாரியம் விலக்கிவைத்தது. மாநில அணிக்கு ஆட முடியாது, மைதானம் கிடைக்காது. மறு வருடமே வாரியம் தானே ஐ.பி.எல். தொடங்கியது. யாரை எந்த யோசனைக்காகத் தண்டித்தார்களோ அதே யோசனை. 2009இல் பொதுமன்னிப்பு என்று அறிவித்தார்கள். மன்னிப்பு! அம்பாதி ராயுடு மாதிரி வயது மிச்சமிருந்தவர்கள் திரும்பி வந்தார்கள். முப்பதைத் தாண்டியவர்களுக்கு மன்னிப்பு கிடைத்தது, வருடங்கள் கிடைக்கவில்லை.

வேறெந்தத் தனியார் லீக்கையும் அங்கீகரிக்க மாட்டோம் என்று ஐ.பி.எல். ஒளிபரப்பு ஒப்பந்தத்தில் வாரியம் எழுதிக்கொடுத்ததற்காக, போட்டிக் கண்காணிப்பு ஆணையம் 2013இலும் மீண்டும் 2017இலும் 52.24 கோடி ரூபாய் அபராதம் போட்டது. தன் அனுமதியில்லாத போட்டிகளில் ஆடுவதைத் தடுத்ததற்காக 2018இல் அகில இந்திய சதுரங்கக் கூட்டமைப்புக்கும் 6.92 லட்சம். ஆக, சட்டத்துக்கே இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஒரு கை 'உனக்கு மட்டும்தான் அங்கீகாரம்' என்கிறது, மறு கை 'ஏன் மற்றவர்களை விடவில்லை' என்று குட்டுகிறது.

இந்தக் கேள்வியை நான் வேறொரு கோணத்தில் பார்க்க ஆரம்பித்தது சிட்னியில். வேலை விஷயமாகப் போயிருந்தேன். நம்மவர்கள் அதிகம் இருக்கும் மேற்குப் புறநகரில் ஒன்றுவிட்ட அக்கா வீடு. அக்கா பையன் "ஃபூட்டிக்குப் போறேன் மாமா" என்று கிளம்பினான். நான் கால்பந்து என்று நினைத்துக்கொண்டு ஏதோ சொல்ல, அவன் சிரித்துவிட்டான். அங்கே ஃபுட்பால் என்பது ஒரு விளையாட்டு இல்லை. ஆஸ்திரேலியன் ரூல்ஸ், ரக்பி லீக், ரக்பி யூனியன், நம்முடைய உதைபந்து என்று நான்கு. ஒவ்வொன்றையும் அவர்கள் 'கோட்' என்கிறார்கள், விதித்தொகுப்பு என்ற பொருளில். சிட்னி ரக்பி லீக்கின் ஊர், மெல்போர்ன் ஆஸ்திரேலியன் ரூல்ஸின் ஊர். இரண்டுக்கும் நடுவே நாட்டின் குறுக்காக ஒரு கற்பனைக் கோடு ஓடுவதாக 1978இல் இயன் டர்னர் என்ற வரலாற்றாசிரியர் வேடிக்கையாகச் சொன்னார். ரான் பராசி என்ற ஆட்டக்காரரின் பெயரால் அது பராசி கோடு ஆனது. அந்தக் கோட்டைத் தாண்டி அந்தப்பக்கம் கால் வைப்பதுதான் நாற்பது வருடமாக இரண்டு அமைப்புகளின் வேலை. கபடி பார்த்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. நடுக்கோட்டைத் தாண்டிப் போய்த் தொட்டுவிட்டு, மூச்சு முடிவதற்குள் திரும்ப வேண்டும். இங்கே திரும்பி வருவதில்லை, அங்கேயே குடியேறப் பார்க்கிறார்கள்.

1982இல் சவுத் மெல்போர்ன் என்ற கிளப்பையே பெயர்த்து சிட்னிக்கு அனுப்பினார்கள். 1998இல் ரக்பி லீக் மெல்போர்னில் ஒரு அணியை ஊன்றியது. 2012இல் ஆஸ்திரேலியன் ரூல்ஸ்காரர்கள் அக்கா வீடு இருக்கும் அதே மேற்கு சிட்னிக்கு இரண்டாவதாக ஓர் அணியைக் கொண்டுவந்தார்கள். அதற்கு ஆள் பிடிக்க ரக்பி லீக் நட்சத்திரம் இஸ்ரேல் ஃபொலாவைப் பெரும் பணம் கொடுத்து இழுத்தார்கள். அந்த ஆட்டத்தை அதுவரை ஆடியே இராதவர். ஒரு சீசன் ஆடிவிட்டுப் போய்விட்டார். இப்போது ரக்பி லீக் பெர்த்துக்கும் பப்புவா நியூ கினிக்கும் போகிறது, எதிர்த்தரப்பு டாஸ்மேனியாவுக்குப் போகிறது. ஊர் ஊராகக் கிளை திறக்கும் நகைக்கடைகள் மாதிரி.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, ரக்பி இரண்டாகப் பிரிந்ததற்கான காரணம். 1895இல் இங்கிலாந்தின் வடக்கே ஹடர்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் இருபதுக்கும் மேற்பட்ட கிளப்புகள் கூடி யூனியனை விட்டு வெளியேறின. சனிக்கிழமை ஆட வந்தால் சுரங்கத்திலும் மில்லிலும் அன்றைய கூலி போகிறது, அந்தக் கூலியைக் கொடுங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. நாளைக்கு ஆறு ஷில்லிங். தெற்கே வசதியானவர்கள் நடத்திய யூனியன் மறுத்துவிட்டது, காசு வாங்கி ஆடுவது ஆட்டத்தின் மேன்மைக்கு இழுக்கு என்று. ஜேபியில் காசு இருப்பவனுக்கு மேன்மை சுலபம். சிட்னியிலும் அதே கதைதான். அலெக்ஸ் பர்டன் என்ற வீரருக்கு ஆட்டத்தில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் போனபோது யூனியன் நஷ்டஈடு தரவில்லை. 1907இல் தனி லீக் பிறந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் நமக்கெல்லாம் கிரிக்கெட் புத்தகங்களில் தெரிந்த விக்டர் டிரம்பர். அன்றைய பெரிய ரக்பி நட்சத்திரம் டாலி மெஸஞ்சர் லீக்குக்குப் போனார். யூனியன் அவரை விலக்கியதோடு நிற்கவில்லை, தன் பதிவேட்டிலிருந்தே அவர் பெயரை அடித்துவிட்டது. திரும்பச் சேர்த்தது நூறு வருடம் கழித்து 2007இல்.

அதைப் படித்த அன்று அண்ணனின் ஜவுளிக்கடைப் பை ஞாபகம் வந்தது. ஆடினது நடக்கவில்லை.

வலங்கைமான்காரர்களில் ஆஸ்திரேலியாவுக்குப் போய் இந்த மாதிரி ஒரு விஷயத்துக்கு வாதாடியவர் எனக்கு நூறு வருடம் முன்பே ஒருவர் இருந்தார் என்பது ஊருக்கு வெளியே அதிகம் தெரியாது. வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, 1869இல் இங்கே பிறந்தவர். 1922இல் இந்திய அரசின் பிரதிநிதியாக ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா போனார். புதிதாக ஆட்களை விடுங்கள் என்று அவர் கேட்கவில்லை. ஏற்கெனவே அங்கே வாழும் இந்தியர்களுக்கு ஓட்டுரிமை கொடுங்கள் என்று மட்டும் கேட்டார். மூன்று வருடத்தில் ஆஸ்திரேலியா கொடுத்தது. இருந்துகொண்டே, மரியாதையாக, கேட்டுப் பெறுவது அவர் வழி. அதற்காக நம்மூரில் அவரைக் கேலி செய்தவர்கள் ஏராளம். ஆனால் அதே சாஸ்திரி காங்கிரஸின் ஒத்துழையாமை பிடிக்காமல் அதிலிருந்து வெளியேறி லிபரல் கட்சி கட்டியவர்களில் ஒருவர். கேட்டுப் பெறுவதையே கொள்கையாக வைத்திருந்தவருக்கும் ஒருநாள் எழுந்து போகவேண்டி வந்தது. போனதற்காக அவர் நாட்டை விட்டுப் போனார் என்று யாரும் சொல்ல முடியாது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு, ஃபோர்க். திறந்த மூல மென்பொருளை நடத்துகிறவர்களோடு ஒத்துப்போகவில்லை என்றால், மொத்த நிரலையும் நகலெடுத்துக்கொண்டு தனியாகப் போகலாம். யார் அனுமதியும் வேண்டாம், உரிமத்திலேயே அது எழுதியிருக்கும். 2014 டிசம்பரில் நோட்.ஜேஎஸ் நிரலாளர்கள் சிலர் அதை நடத்திய நிறுவனத்தின் போக்கு பிடிக்காமல் ஐஓ.ஜேஎஸ் என்று பிரிந்தார்கள். ஒரு வருடத்துக்குள் நிர்வாகம் திருந்தி, பொதுவான அறக்கட்டளை அமைத்து, இரண்டும் ஒன்றாயின. அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எவ்வளவு அழகான ஏற்பாடு என்று வியந்தேன். போகிற உரிமை இருந்தால் போதும், பல சமயம் போகவே வேண்டியதில்லை, தலைமை காதுகொடுக்கும். போக முடிந்தும் இருக்கிறவனிடம்தான் விசுவாசத்தைப் பார்க்க முடியும், கதவு பூட்டியிருக்கிற வீட்டில் யார் விசுவாசமாக இருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? விளையாட்டு அமைப்புகளுக்கும் இதே வைத்தியம்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. நிரலை நகலெடுத்தால் பழையது அப்படியே இருக்கும், யாருக்கும் ஒன்றும் குறையாது. ஆட்டக்காரனுக்கு இருப்பது ஒரு முழங்கால் ஜோடி, பதினெட்டிலிருந்து முப்பது வரை பன்னிரண்டு வருடம். அதை நகலெடுக்க முடியாது. தவறான பக்கம் போய்விட்டால் திரும்ப ஏற்றிக்கொள்ள பழைய பதிப்பு கிடையாது. பிரிவின் சுகம் ஒரு பக்கமும் வலி ஒரு பக்கமும் விழுவதையும் ஆஸ்திரேலியாவிலேயே பார்க்கலாம். 1995இல் முர்டாக்கின் நிறுவனம் ரக்பி லீக்கை உடைத்து சூப்பர் லீக் கட்டியது. அந்தப்பக்கம் பாக்கர், இந்தப்பக்கம் முர்டாக், நடுவில் வீரர்கள். சம்பளம் ஒரே ராத்திரியில் எகிறியது. 1997இல் ஒரே ஆட்டத்துக்கு இரண்டு போட்டித்தொடர்கள் நடந்தன. டிசம்பரில் சமாதானம். சமாதானத்தின் விலை, கிளப்புகளை 14ஆகக் குறைப்பது. 1908 முதல் ஆடிவந்த சவுத் சிட்னி 1999 முடிவில் வெளியே தள்ளப்பட்டது. மறு வருடம் சிட்னி தெருக்களில் சுமார் எண்பதாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள், ஒரு கிளப்புக்காக. நீதிமன்றம் போய் 2002இல் உள்ளே வந்தது. எதிர்த்தரப்பில் ஆஸ்திரேலியன் ரூல்ஸ் விரிவாக்கத்தில் ஃபிட்ஸ்ராய் என்ற பழைய கிளப்புக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை, 1996இல் பிரிஸ்பேன் அணியோடு கலந்து போயிற்று. சண்டை போட்ட முதலாளிகள் யாருக்கும் ஒரு நாள் கூலி போகவில்லை.

கபடியிலும் கணக்கு அப்படித்தான். ஒரு வீரனின் விலை 12 லட்சத்திலிருந்து 2.60 கோடி ஆனது உண்மை. எங்கள் ஊர் செட்டில் 65 கிலோ பிரிவில் ஆடும் பையனுக்கு எந்த லீக் பிரிந்தாலும் எந்த லீக் சேர்ந்தாலும் அதில் ஒரு ரூபாய் இல்லை. அவனுக்கு வேண்டியது சான்றிதழ். சான்றிதழ் கொடுக்கிற சங்கத்தில் அவனுக்கு ஓட்டு கிடையாது. சங்கங்கள் சண்டை போட்டால் அவன்தான் நடுவில். கூட்டமைப்பின் தேர்தல் 2023 டிசம்பரில் நடந்தும் பொறுப்பு கைமாறாமல் இழுத்தது. உலகக் கூட்டமைப்பு இந்தியாவை இடைநீக்கியது. வீராங்கனைகள் இரண்டு பேர் உச்ச நீதிமன்றத்துக்குப் போய்த்தான் 2025 பிப்ரவரியில் வழி பிறந்தது, அடுத்த மாதம் பெண்கள் அணி தெஹ்ரான் போய் ஆசியக் கோப்பையோடு வந்தது. அதே வருடம் அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கிய அணியில் எங்கள் மாவட்டத்து வடுவூர் அபினேஷ் இருந்தார். அரசு 25 லட்சம் கொடுத்தது. இடைநீக்கம் இன்னும் ஒரு வருடம் நீடித்திருந்தால், அந்த வயது வரம்புப் போட்டிக்கு அவர் போயிருக்கவே முடியாது. யாரிடமும் மன்னிப்புக் கேட்கவும் முடியாது.

ஆகவே எனக்கு இப்போது தோன்றுவது இவ்வளவுதான். ஒரே அமைப்பு இருக்கட்டும். நாட்டு அணியை அது தேர்ந்தெடுக்கட்டும். ஆனால் தன் போட்டியில் ஆடாததற்காகவோ, வேறு போட்டியில் ஆடியதற்காகவோ ஒருவனைத் தண்டிக்க அதற்கு உரிமை இல்லை. அந்த நாளுக்கு அவனுக்குக் கூலி கொடுத்தது அது இல்லையே. 'ஆட்டத்துக்கு விசுவாசம்' என்று அது கேட்கும்போது, கேட்பது தனக்கான விசுவாசத்தை. போகிற உரிமை நட்சத்திரத்துக்குத்தான் உதவும் என்பதால், இருக்கிறவனுக்கு உள்ளே ஓட்டு வேண்டும். 2025இல் வந்த தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் நிர்வாகக் குழுவில் வீரர்களுக்கு இடம் என்கிறது. மேலே டெல்லியில் இடம் சரி, மாவட்டக் கழகத்தில் யார் உட்காரப் போகிறார்கள் என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

ஏனென்றால் நான் இதுவரை சொல்லாமல் சுற்றிப்போன ஒன்று இருக்கிறது. பிரிவு பிரிவு என்கிறோம், எங்கள் பக்கத்தில் பல ஊர்களில் ஆரம்பத்திலிருந்தே இரண்டு செட்டுதான். ஊர் செட்டு, காலனி செட்டு. யாரும் பிரிந்துபோகவில்லை, சேரவே இல்லை. போட்டிக்கு அனுமதி கொடுக்கும்போது சாதி அடையாளத்தோடு பனியன் போடக்கூடாது என்று நீதிமன்றம் நிபந்தனை விதிக்கிற நாடு இது. கபடி தொட்டால்தான் புள்ளி, பிடித்தால்தான் ஆட்டம். அதனாலேயே சில ஊர்களில் அந்த இரண்டு செட்டும் எதிர் எதிரே இறங்காமல் பார்த்துக்கொள்வார்கள். விழாக் கமிட்டியில் அட்டவணை போடுகிறவருக்கு அது தெரியும். ஒற்றுமை என்ற சொல்லை மாவட்டக் கழகத்து மேடையில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த அட்டவணைதான் ஞாபகம் வரும். ஹடர்ஸ்ஃபீல்டில் வெளியேறியவர்களுக்கு வெளியேற ஒரு யூனியனாவது இருந்தது.

போன சித்திரையில் அண்ணனும் நானும் பக்கத்து ஊர் மின்னொளிப் போட்டிக்குப் போனோம். இரவு பதினொன்று இருக்கும். ஃப்ளெக்ஸில் கழக அனுமதி வரியைத் தேடினேன், இல்லை. அண்ணனிடம் சொன்னேன். "அத ஏண்டா பாக்குற, ஆட்டத்தப் பாரு" என்றார். களத்தில் இரண்டாவது அரையிறுதி. எங்கள் ஊர் செட்டுக்கு எதிரே அதே ஊரின் இன்னொரு செட்டு. அட்டவணையில் தப்பியதா, வேண்டுமென்றே போட்டார்களா தெரியவில்லை. கூட்டம் ஒரு மாதிரி அமைதியாக இருந்தது. ஓரமாக இரண்டு போலீஸ்காரர்கள். பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பையன் ஒருவன் பாடிப் போய்ப் போனஸ் கோட்டைத் தொட்டுத் திரும்பும்போது மூன்று பேர் மேலே விழுந்து பிடித்தார்கள். எழுந்திருக்கவில்லை. தோள். பிடித்தவர்களில் ஒருவன்தான் முதலில் குனிந்து கையைத் தாங்கித் தூக்கினான். மைக்கில், "முதலுதவிக்காரங்க மேடைக்கு வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வரும்போது அந்தப் பையனைத் தாங்கிப் பிடித்திருந்தார். "எங்க வேலை பாக்குற?" என்று கேட்டார். கும்பகோணத்தில் ஒரு பாத்திரப் பட்டறையில், காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் என்றான். அண்ணன் என்னைப் பார்த்து, "பர்ஸ எடு" என்றார்.